எது காயுது என்று கேளுங்கள்

வேலையை விட்டுப் போகிறவள் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை எழுதித் தரவேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எனக்கு ஒரே ஒரு வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டு வேறு எதையாவது எழுதப் பார்த்தேன். வரவில்லை.

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை. மகள் சின்னவள், அவளோடு இருக்கவேண்டும் என்று வந்துவிட்டேன். அது சரியா தப்பா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை. அவள் மதியம் தூங்கும் நேரத்தில் இதை எழுதுகிறேன். நடுநடுவே எழுந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

உங்களில் சிலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். தெரிந்தவர்கள் மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இதை இந்தியில் எழுதித் தந்திருக்கலாம். ஆனால் இந்தியில் அந்த வார்த்தை தப்பித்துவிடும்.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். தாராவியில் இளைப்பு உள்ள பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிறோம். புகையைப் பற்றிப் பேசுகிறோம். மும்பையில் யார் விறகு எரிக்கிறார்கள் என்று செம்பூரில் என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பார். அவர் மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நின்று தின்னும் இட்லி விறகில் வெந்தது என்று அவருக்குத் தெரியாது. வீட்டுச் சமையலுக்கு வரும் சிலிண்டர் பெரிய இட்லிக் கொப்பரைக்குக் காணாது. அதனால் விறகு.

பேச்சியம்மாளின் வீடும் அப்படித்தான். கீழே ஒரு அறை, சுவரோடு ஒட்டிய இரும்பு ஏணி, மேலே தகரக் கூரைக்குக் கீழ் ஒரு மாடி. கீழே வாசலை ஒட்டி அடுப்பு. மேலே பாயில் இரண்டு வயது மகள் தர்ஷினி. புகைக்கு ஏணி தேவையில்லை, அது நேராக மேலே போய்விடும். பேச்சி விடியுமுன் இட்லி அவிப்பாள். அவள் வீட்டுக்காரர் சுடலை சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்குப் போவார்.

மழைக்காலத்துக்கு முன்னால் மாநகராட்சி ஆட்கள் சாலையோர மரங்களின் கிளைகளை வெட்டித் தள்ளுவார்கள். இட்லி விற்றுத் திரும்பும்போது சுடலை அந்தக் கிளைகளைச் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவருவார். வெட்டி ஒரு நாள்கூட ஆகியிருக்காது. நான் முதன்முதலில் அந்த வீட்டுக்குப் போனபோது அடுப்பில் எரிந்துகொண்டிருந்தது அந்த மரம்தான். எரிந்தது என்று சொல்வது தவறு. கட்டையின் நுனியில் நுரை கட்டிச் சீறிக்கொண்டிருந்தது. அறையில் எதிரே நின்றவளின் முகம் தெரியவில்லை.

"பச்சை மரம்லா இது, பேச்சி" என்றேன். நானும் தாராவியில் பிறந்தவள்தான். அந்த வீடுகளுக்குள் போனால் என் வாய் தானாக எங்கள் பூர்வீகமான திருநெல்வேலிக்குப் போய்விடும்.

"பச்சைன்னாலும் எரியத்தானக்கா செய்யுது?"

"எரியுதா? அழுதுட்டுல்லா கெடக்கு."

"இந்த வீட்டுக்கு வந்த யாருதான் அழல?" என்று சிரித்தாள். கண்களைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். மேலே குழந்தை இருமியது.

விறகே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவது எளிது. சொல்லிவிட்டு வந்தால் அடுத்த முறை கதவு திறக்காது. நான் விறகைக் காய வைக்கச் சொன்னேன். தடித்த கட்டைகளைப் பிளந்து, தரையில் படாமல் செங்கல் மேல் குறுக்கும் நெடுக்குமாக இடைவெளி விட்டு அடுக்கவேண்டும், காற்று உள்ளே போய் வரவேண்டும், மேலே மட்டும் மறைப்பு வேண்டும், பக்கங்கள் திறந்திருக்கவேண்டும் என்றேன். சுடலை சைக்கிள் செயினைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"மரக்கட்டைக்குக் காத்து வேணும்னு சொல்லுதிய. இந்தச் சந்துல மனுசனுக்கே காத்து கெடையாது. வெறகு என்ன மாப்பிள்ளையா மேடம், ஒக்கார வச்சு விசிறி விட?"

"மாப்பிள்ளைக்கு விசிறினா என்ன கெடைக்கும்? வெறகுக்கு விசிறினா ஒங்க பிள்ளை இருமாது."

"அப்ப சரி" என்றார். மறுநாளே தகரக் கூரை மேல் ஏறிக் கட்டைகளை அடுக்கினார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். பேச்சி விறகை நீலத் தார்ப்பாயில் நாலாபக்கமும் பொதிந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தாள். அவிழ்த்தால் உள்ளே வேர்த்திருந்தது. பட்டையில் வெள்ளையாகப் பூசணம், புளித்த வாடை.

"நனைஞ்சிரக் கூடாதுல்லாக்கா. பிள்ளைக்குப் போத்துத மாதிரி நல்லாப் போத்தி வச்சேன்."

"பிள்ளைக்குப் போத்துத மாதிரி வெறகுக்குப் போத்தக் கூடாது. உள்ள இருக்க ஈரம் வெளிய போவணும். தலைக்குத் தொப்பி மாதிரி மேல மட்டும் போடு. மத்தபடி காயட்டும்."

அந்தக் கோடையில் நாங்கள் பேசியதெல்லாம் அதுதான். பேச்சி ஆர்வமாகிவிட்டாள். வெட்டுமுகத்தில் வெடிப்பு விட்டிருக்கிறது என்பாள். கையில் தூக்கினால் கனமே இல்லை என்பாள். இரண்டு கட்டைகளைத் தட்டி அந்தச் சத்தத்தைப் போனில் கேட்கச் செய்வாள். ஈரக்கட்டை பொத்தென்று அடங்கும், காய்ந்தது கணீர் என்று பேசும். "அக்கா, காயுதுக்கா" என்பாள். "காயட்டும், காயட்டும்" என்பேன். சில நாள் வணக்கம் சொல்வதுபோல அதைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவோம். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு ‘வெறகு அக்கா’ என்று பெயர் வந்தது அப்போதுதான். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மழை அந்த வருடம் முந்திக்கொண்டது. அடுக்கில் மேல்வரிசைகள் மட்டும்தான் காய்ந்திருந்தன. அவை தீர்ந்ததும் பேச்சி அடிவரிசைக்கு வந்தாள். அது வெளியே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், உள்ளே பச்சை.

ஜூலையில் ஒரு நாள். மழை பல நாட்களாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. என் மகளுக்கு அன்று விளையாட்டுப் பள்ளியில் முதல் நாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன், நான்தான் அழுதேன். போனைச் சத்தமில்லாமல் வைத்திருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது பேச்சியிடமிருந்து அழைப்புகள் வந்திருந்தன. விறகு பற்றித்தான் இருக்கும், அலுவலகம் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ரயில்கள் தாமதம். போய்ச் சேர மதியம் ஆகிவிட்டது.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். உங்களைப்போல அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் இருந்தாள். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவள், கெட்டிக்காரி. யார் என்று தேடாதீர்கள்.

"அக்கா, உங்க வெறகு மேடம் காலைல ஆபீஸ் நம்பருக்குப் போன் பண்ணாங்க. நீங்க எடுக்கலையாம். ‘காயுதுக்கா, ரொம்பக் காயுது, என்ன செய்ய?’ன்னாங்க. நான் அப்படியே உங்க வாய்ஸ்ல ‘காயட்டும், காயட்டும்’னு சொல்லிட்டேன். டீக் ஹை நா, சரிதானே?"

என் குரலை அப்படியே செய்து காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்தேன். எதிரே ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் திரைபோல வழிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் விரித்த என் துப்பட்டாவிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இந்த மழையில் எந்த விறகு காயும்?

டப்பாவை மூடினேன்.

"அவ வெறகுன்னு சொன்னாளா?"

"இல்ல... அவங்க எப்பவும் அதுதானே அக்கா சொல்லுவாங்க?"

"அழுதாளா?"

"நெட்வர்க் சரியில்ல. மழைச் சத்தம் வேற." பிறகு மெதுவாக, "கொஞ்சம் கப்ராயா மாதிரி இருந்தாங்க" என்றாள். பதறியதுபோல.

"பிள்ளைக்கு உடம்பு காயுதுன்னு சொல்லியிருக்கா."

"ஜுரம்னு சொல்லலையே அக்கா." அவள் முகம் வெளுத்துவிட்டது. "எங்க வீட்ல ஜுரம்னுதான் சொல்லுவோம். காயுதுன்னா துணிதானே..."

அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். துணி காயும், விறகு காயும். தண்ணீர் அடுப்பில் காயும், எண்ணெய் சட்டியில் காயும். உடம்பு காயும். ஒன்றில் ஈரம் போகிறது, ஒன்றில் சூடு ஏறுகிறது. தமிழ் எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் போட்டு வைத்திருக்கிறது. வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு எது என்று பார்த்தால் தெரியும். போனில் தெரியாது. நான் எடுத்திருந்தாலும் காயட்டும் என்றுதான் சொல்லியிருப்பேனோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

பேச்சியின் போன் அணைந்திருந்தது. சந்துகளில் தண்ணீர் நிற்கும்போது யாரும் களப்பணிக்குப் போகக் கூடாது என்பது விதி. அது வீண் விதி இல்லை, நம்மில் ஒருத்தி திறந்த சாக்கடையில் கால் விட்டுப் பல வாரம் படுத்திருக்கிறாள். மேற்பார்வையாளர், "இன்னொரு முறை போன் பண்ணிப் பார்" என்றார். நியாயமான பேச்சுதான். எனக்கும் வீட்டில் ஒரு குழந்தை இருந்தது. இருந்தாலும் நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். நீங்களும் அப்படிச் செய்யவேண்டும் என்று சொல்லமாட்டேன். அன்று நான் எடைபோட்டுப் பார்த்தது ஒன்றைத்தான். இரண்டு விதமாகப் பொருள்படும் வார்த்தை ஒன்று நம் அலுவலகத்திலிருந்து போயிருக்கிறது. மோசமான பொருளில் அது போய்ச் சேர்ந்திருந்தால், திரும்ப எடுக்க நேரில்தான் போகவேண்டும். "தனியாகப் போகாதே" என்று மட்டும் மேற்பார்வையாளர் சொன்னார். அதற்குள் அந்தப் பெண் குடையோடு வாசலில் நின்றாள்.

முழங்கால் வரை தண்ணீர். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தோம். பேச்சி வீட்டு வாசலிலேயே புகை எதிர்கொண்டது. அடுப்பில் அடிவரிசைக் கட்டை சீறிக்கொண்டிருந்தது. குழந்தைக்கு ஆவி பிடிக்கப் பேச்சி வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள். நான் உள்ளே போனதும் அடுப்பிடம் போனேன். அந்தக் கோடை முழுக்க அந்த வீட்டில் நான் பார்த்ததெல்லாம் விறகு, அதனால் கண் விறகிடமே போனது. கட்டையை வெளியே இழுத்தேன், அது இன்னும் புகைந்தது. தண்ணீர் ஊற்றச் செம்பை எடுத்தேன். ஊற்றியிருந்தால் சாம்பலும் ஆவியுமாக மாடிக்குத்தான் போயிருக்கும். பின்னால் வந்தவள் கத்தினாள்.

"அக்கா, சோடோ! பஹலே பச்சி!"

அதை விடுங்கள், முதலில் குழந்தை என்றாள். அவள் அதற்குள் ஏணியில் ஏறியிருந்தாள்.

தர்ஷினியை ஒரு போர்வையில் சுருட்டிக் கொண்டுவந்தாள். அதற்குள் இன்னொரு போர்வை, அதற்குள் கம்பளிச் சட்டை. வாசலில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். நெற்றியில் கை வைக்க முடியவில்லை. மூச்சு வேகமாக, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. கண் திறந்திருந்தது, யாரையும் பார்க்கவில்லை.

"ஏன் பேச்சி இப்படிப் போத்தி வச்ச?"

"நீங்கதானக்கா காயட்டும்னு சொன்னிய?" அவள் குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது. "அந்தப் பிள்ளைதான் போன்ல சொல்லிச்சு. உள்ள இருக்க காய்ச்சல் வெளிய வரட்டும்னு சொல்லுதாவ போலன்னு... நீங்கள்லாம் படிச்சவிய, சரியாத்தான் இருக்கும்னு தர்ஷினி அப்பா வேற சொல்லிட்டுப் போனாவ."

குழந்தையை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். அந்தத் தண்ணீரில் டாக்சி ஓடாது. பேச்சி குழந்தையைத் தோளில் போட்டுக்கொள்ள, முன்னால் அந்தப் பெண்ணும் பின்னால் நானும் குடை பிடித்தபடி பெரிய ஆஸ்பத்திரிவரை நடந்தோம். வழியில் என் போன் அடித்தது. என் மகள் பள்ளியிலிருந்து வந்துவிட்டாள், சாப்பிட மறுக்கிறாள் என்று மாமியார் சொன்னார். "உடம்பு காயுதா?" என்று கேட்டேன். "எதுக்கும்மா காயணும்? அடம் பிடிக்கிறா" என்றார்.

நுரையீரலில் சளி கட்டி நிமோனியா ஆகியிருந்தது. ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பேச்சியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். சுடலை சைக்கிளோடு ஈரமாக வந்து நின்றார். என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குழந்தை பிழைத்தது. இதை நீங்கள் வெற்றிக் கதையாக வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் மீதியையும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது, பிள்ளை இனிமேல் புகையில் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். "புகை இல்லாத எடத்துல பிள்ளை இருக்கணும் பேச்சி." நான் நினைத்தது, அடுப்பு எரியும் நேரத்தில் மாடியில் படுக்க வைக்காதே, பக்கத்து வீட்டில் விடு என்று. அவர்கள் கேட்டது வேறு. விறகை விட்டால் இட்லி இல்லை, இட்லியை விட்டால் அந்த வீடு இல்லை. புகை இல்லாத இடம் அவர்களுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது, தென்காசிப் பக்கம் சுடலையின் அக்கா வீடு. எனக்குத் தெரியவந்தபோது சுடலை பிள்ளையோடு ரயில் ஏறியிருந்தார்.

"ஏட்டி, நான் அப்படியா சொன்னேன்?" என்று கேட்டேன்.

"நீங்க நல்லதுக்குத்தானக்கா சொன்னிய" என்றாள் பேச்சி.

திருப்பி அழைத்து வரச் சொல்லலாமா என்று பலமுறை யோசித்தேன். மறுபடி இளைப்பு வந்தால்? அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன். அது தீர்ப்பா, பயமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு இடம் வரும். அப்போது உங்கள் மேற்பார்வையாளருக்கும் விடை தெரிந்திருக்காது.

அலுவலகக் கூட்டத்தில் காயட்டும் என்று சொன்னது யார் என்ற கேள்வி வந்தது. அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அது என் வார்த்தை. அவள் வாயில் இருந்தது, அவ்வளவுதான்" என்றேன். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது இல்லை. அதுதான் உண்மை.

போன கோடையில் அந்தப் பக்கம் போனபோது பேச்சி வீட்டுக்குள் நுழைந்தேன். கூரை மேல் விறகு அடுக்கியிருந்த அழகைப் பார்த்தால் நம் பயிற்சிக்குப் படம் எடுக்கலாம். மணிக்கட்டு அளவுக்குப் பிளந்து, காற்றுக்கு வழி விட்டு, தலைக்கு மட்டும் தார்ப்பாய். மழைக்குத் தேவையானதைத் தனியாக எடுத்து அடுப்பிலிருந்து தள்ளி, உயரத்தில் பலகை போட்டு வைத்திருந்தாள். அடுப்பு சத்தமே இல்லாமல் மஞ்சளாக எரிந்தது. அறையின் எதிர்ச்சுவரில் மாட்டிய படம் தெளிவாகத் தெரிந்தது. நான் சொன்னதெல்லாம் அந்த வீட்டில் நடந்திருந்தது. ஏணிக்குக் குறுக்கே மட்டும் கயிறு கட்டியிருந்தது, மாடிக்கு யாரும் போவதில்லை. அங்கே பழைய இட்லித் தட்டுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் வீடியோவில் பிள்ளையைக் கூப்பிட்டாள். தர்ஷினி நன்றாக வளர்ந்திருந்தாள். திரையில் எட்டிப் பார்த்து, "அம்மா, யாரோ பேசுதாவ" என்று உள்ளே திரும்பிச் சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவள் அம்மா என்று கூப்பிட்டது அத்தையை. பேச்சி என்னைப் பார்க்காமல், "நல்லா தெம்பா இருக்கால்லாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன்.

நான் உங்களுக்குச் சொல்ல வந்தது சின்ன விஷயம்தான். யாராவது போன் செய்து ஒரு வார்த்தை சொன்னால், எதைச் சொல்கிறாய் என்று கேளுங்கள். தினமும் கேட்கிற வார்த்தையாக இருந்தால் கட்டாயம் கேளுங்கள். நீங்கள் ஒன்று சொன்னால், அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நேரம் வீணாகும். உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வேலையின் கடைசி நாளன்று மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். வெளியே நல்ல வெயில். பேச்சியின் போன் வந்தது.

"அக்கா, காயுதுக்கா."

கையில் இருந்த காகிதங்களைக் கீழே வைத்தேன்.

"எது காயுது, பேச்சி?"

அந்தப் பக்கம் இரண்டு கட்டைகளைத் தட்டினாள், கணீர் என்றது.

"வெறகுதாக்கா" என்றாள். "வேற யாரு இருக்கா இங்க, காய?"